மூன்று தட்டினால் வா

பாதுவா, இத்தாலி
1 அக்டோபர் 2000, ஞாயிறு

அன்புள்ள அகாபியா அக்காவுக்கு,

அர்காதியின் வேன் பதினொரு மணிக்கு மால்தோவாவுக்குக் கிளம்புகிறது. இப்போது மணி பத்து. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் திட்டாதீர்கள். சுற்றிலும் நம் நாட்டுப் பெண்கள் நாற்பது பேர், ஆளுக்கொரு பொட்டலம், ஆளுக்கொரு அழுகை.

பெட்டியில் என் வீட்டுக்காரர் தனாசேவுக்குக் கம்பளி உள்சட்டை இரண்டு, காப்பித்தூள், உங்கள் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு தொப்பி, உங்களுக்கு ஆலிவ் எண்ணெய். "புல்லு வாடை அடிக்குது" என்று எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து, நாற்பத்திரண்டு வயதில் பிள்ளை பெறப்போகிறவள் நல்ல எண்ணெய் சாப்பிட வேண்டும்.

நான் பார்த்துக்கொள்ளும் மொரெத்தி அம்மாள் வீட்டில், சுவரில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. குளிர்ந்தால் இந்தப் பக்கம், வேர்த்தால் அந்தப் பக்கம். நாள் முழுக்க "ஜினா, கூட்டு, ஜினா, குறை" என்று உயிரை வாங்குகிறாள். நம் ஊரிலோ நகரசபைக்காரன் "குளிர்கிறது" என்று தாளில் எழுதினால்தான் நமக்குக் குளிரலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். எல்லா மாடியிலும் ரேடியேட்டரைச் சூடாக்குகிற வெந்நீர்க் குழாயை அறுக்கச் சொல்லி இந்த வருஷமும் ஆள் வருவான். நம் படிக்கட்டில் பதினைந்து வீடு. பத்து வீடு கையெழுத்துப் போட்டால் மொத்தப் படிக்கட்டையும் வெப்ப நிலையத்திலிருந்து கழற்றிவிடுவார்கள். அப்புறம் கேஸ் பாய்லர், இல்லாதவனுக்குத் தகர அடுப்பு. கேஸ் அனுமதி யாருக்குக் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போன மனுஷன் அடுப்புக்கு விறகு போடுவாரா? அந்த வெந்நீர்தான் அக்கா அவருக்கு உயிர். அதற்காகத்தான் நோட்டரி முன்னால் உங்கள் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். என் வீட்டு ஓட்டு "அறுக்கக் கூடாது". போன வருஷம் ரம்பத்தோடு வந்தவனை வாணலியும் கையுமாக மறித்துக்கொண்டு, "தம்பி, குழாயை அறுக்கணும்னா முதல்ல என் காலை அறுத்துட்டு மேல ஏறு" என்றீர்களே, அதே தெம்பில் இருங்கள்.

போன வருஷம் போலவேதான்: ராத்திரி எட்டு மணிக்கு மேலே நாலாம் மாடியில் அவர் குழாயில் இரண்டு தட்டு தட்டினால் "நன்றாக இருக்கிறேன், படுக்கப் போகிறேன்" என்று அர்த்தம். நீங்களும் கீழேயிருந்து இரண்டு தட்டுங்கள், அப்போதுதான் தூங்குவார். மூன்று தட்டினால் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டும். ரேடியேட்டரில் கரண்டியைக் கயிற்றால் கட்டிவிட்டு வந்தேன், கயிறு இற்றுப்போகாமல் பாருங்கள். நம் தெரு டெலிபோன் கம்பியைத் திருடி விற்றவன் கை அழுகட்டும். கம்பி இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளிலாவது அவர் மூச்சுவிடுவதைக் கேட்டிருப்பேன்.

ஈஸ்டருக்குள் வந்துவிடுவேன். இது இரண்டாவது குளிர்காலம், இதோடு சரி. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. உங்களை நம்பித்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

உங்கள் ஜினா


மூன்றாம் மாடி
29 அக்டோபர் 2000

அடி ஜினா,

எண்ணெய் வந்தது. புல் வாடைதான். கொட்டவில்லை, முழங்கால் வலிக்குத் தேய்க்கிறேன், பேஷாகக் கேட்கிறது.

பெண் பிறந்திருக்கிறாள்! இன்றோடு பதினான்கு நாள். இரண்டே கால் கிலோ, ஒரு கோழிக்குஞ்சு. நீ அனுப்பிய தொப்பிக்குள் ஆளே காணாமல் போகிறாள். மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்கும் பிள்ளையின் அப்பன் மித்ரியாவுக்குத் தந்தி அடித்தேன். "சந்தோஷம், பணம் பிறகு" என்று பதில் வந்தது. அவனுக்குத் தந்தியில் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு என்று கணக்கு, பாவம்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தனாசேவிடம் காட்டினேன். இடது கையின் ஒரு விரலால் அவள் நெற்றியைத் தொட்டார். கண்ணில் தண்ணீர். அன்று ராத்திரி இரண்டு தட்டுக்குப் பதில் நாலு தட்டினார். சாவியை எடுத்துக்கொண்டு மேலே ஓடினால், ஆள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைக்கும் சேர்த்து "படுக்கப் போகிறேன்" என்று தட்டினாராம், ஜாடையில் காட்டினார். நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன்.

குழாயில் இன்னும் வெந்நீர் வரவில்லை. பதினைந்தாம் தேதி விட்டிருக்க வேண்டும். வியாழக்கிழமை படிக்கட்டில் கூட்டம் போட்டார்கள். தோல் கோட்டுப் போட்ட ஒருவன் நகரசபையிலிருந்து வந்தான். "கேஸ் குடுக்கிற நாட்டுக்கு நாம பாக்கி. அவங்க வால்வை மூடிட்டாங்க. வெப்ப நிலையத்தை எதை வச்சு எரிக்கிறது?" என்றான். ஐந்தாம் மாடி பவ்லினாவைத் தெரியுமே, சும்மா இருப்பாளா? "மாசா மாசம் நாங்க கட்டினோமே, அது எங்கய்யா போச்சு?" என்றாள். "அம்மா, அது அரசியல்" என்றான் அவன். "அரசியலா? அப்ப அதையே கொண்டாந்து என் ரேடியேட்டர்ல ஊத்து. சூடாகுதா பாப்போம்!" படிக்கட்டே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கையெழுத்துத் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். படிக்கட்டுப் பொறுப்பாளி என்று ஊரே என் தலையில்தானே கட்டி வைத்திருக்கிறது.

ஆறு வீட்டுக்காரர்கள் அன்றைக்கே போட்டுவிட்டார்கள். போடட்டும். நீ நிம்மதியாக இரு. நான் இருக்கும்வரை இந்தக் குழாயில் ரம்பம் படாது. இது என் பிள்ளை மேல் சத்தியம்.

அகாபியா


மூன்றாம் மாடி
19 நவம்பர் 2000

அன்புள்ள ஜினா,

சூடு வந்துவிட்டது. ரேடியேட்டரில் கை வைத்தால் தோல் உரிகிறது. தனாசே சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். நேற்று முட்டைக்கோஸ் உருண்டை ஆறு சாப்பிட்டார்.

அடுத்த வண்டியில் கனமான போர்வை ஒன்று அனுப்பு, இரண்டானாலும் சரி. கம்பளிக் காலுறை நாலு ஜோடி. பெரிய ஃபிளாஸ்க் கிடைத்தால் அதுவும்.

தட்டுகிறாரா என்று கேட்டிருந்தாய். தட்டுகிறார், தட்டுகிறார். நீ ஏன் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறாய்?

பிள்ளை அழுகிறது. பிறகு எழுதுகிறேன்.

அகாபியா


பாதுவா
3 டிசம்பர் 2000

அகாபியா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சூடு வந்துவிட்டது என்று மொரெத்தி அம்மாளிடம்கூடச் சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, கைதட்டினாள்.

அப்புறம் மறுபடி படித்தேன். வீடு கொதிக்கிறது, மனுஷன் சட்டையில்லாமல் இருக்கிறார், ஆனால் போர்வை வேண்டும், காலுறை நாலு ஜோடி வேண்டும். சட்டையில்லாதவருக்குக் காலுறை எதற்கு அக்கா?

வாய் திறந்து கேட்கப் பயந்து இரண்டு நாள் இருந்தேன். இன்று அர்காதியிடம் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தான். "ஏண்டா, எங்க கட்டடத்துப் பக்கம் போனியா?" என்றேன். "போனேன்." "சூடு இருக்கா?" அவன் கயிற்றை விட்டான். "ஜினாக்கா, என்னை ஏன் கேக்குற? ஜன்னலுக்கு ஜன்னல் தகரக் குழாய் நீட்டிக்கிட்டுப் புகையுது. ஒரே ஒரு வீட்லதான் தகரக் குழாய் இல்ல, மூணாம் மாடியில. அங்க வெள்ளையா புதுசா கேஸ் குழாய் தெரியுது." "நாலாம் மாடியில?" என்றேன். "நாலாம் மாடியிலயும் தகரக் குழாய் இருக்கு. ஆனா நான் பாத்தப்ப புகை வரல" என்றான்.

அக்கா, அவன் கண்ணுக்கு வேறு கட்டடம் தெரிந்திருக்கட்டும். அவன் குடித்திருக்கட்டும். நம் தெருவில் எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரிதானே, நானே இரண்டு முறை அடுத்த கட்டடத்தில் ஏறிப்போய் யார் கதவையோ திறக்கப் பார்த்திருக்கிறேன்.

குழாயை அறுத்துவிட்டார்களா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தை எழுதுங்கள். அர்காதி உங்கள் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு வருவான். போர்வை இரண்டும் அனுப்பியிருக்கிறேன்.

ஜினா


மூன்றாம் மாடி
10 டிசம்பர் 2000

ஜினா,

ஆம்.

அர்காதி சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறான். அவன் குடித்து முடிப்பதற்குள் எழுத வேண்டும். உட்காரச் சொன்னதும் நான்தான், இல்லாவிட்டால் இதை எழுதவே மாட்டேன்.

நவம்பர் எட்டாம் தேதி வீட்டுக்குள் ஒன்பது டிகிரி. பிள்ளையின் உதடு நீலம். அவளை என் தோலோடு தோலாகக் கட்டிக்கொண்டு, மேலே இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு சமைத்தேன். தாளில் எட்டுக் கையெழுத்து சேர்ந்திருந்தது. தோல் கோட்டுக்காரன் வந்தான். பிள்ளையைப் பார்த்தான். "அம்மா, இந்த வருஷம் வெந்நீர் வரவே வராது, நான் சொன்னதா வெளிய சொல்லாதீங்க. தாளை முடிச்சுக் குடுக்கிற பொறுப்பாளிக்கு முதல் பாய்லர், முதல் கேஸ் அனுமதி. ரெண்டு கையெழுத்துதான் பாக்கி. ஒண்ணு உங்களோடது. நாலாம் மாடி பவர் உங்ககிட்டதான இருக்கு?" என்றான்.

என் கையெழுத்தைப் போட்டேன். பிறகு உன் பெயரைப் போட்டேன். பேனா நிற்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். பிள்ளையின் மூச்சு மட்டும்தான் காதில் கேட்டது.

ஐந்தாம் நாள் குழாயை அறுத்தார்கள். பாய்லர் வைத்தார்கள். தனாசேவுக்கு நானே தகர அடுப்பு வாங்கி வைத்தேன். நாளுக்கு மூன்று முறை மேலே போய் விறகு போடுகிறேன். பிரசவமான உடம்போடு விறகு தூக்குகிறேன் என்று நான் சொல்லிக் காட்டவில்லை, நீ கேட்டாய், சொல்கிறேன். இன்னொன்று. என் வீட்டுக் கூரைதானே உன் வீட்டுத் தரை? என் பாய்லர் ஓடினால் சூடு மேலே வருகிறது. தனாசே அதைக் கண்டுபிடித்துவிட்டார். மெத்தையைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். இப்போது அங்கேதான் படுத்திருக்கிறார். ஆக, அவருக்கும் என் கேஸில் பங்கு இருக்கிறது.

பொய் எழுதினேன். நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்று எழுதினேன். சரி, அதுவும் பொய். நீ கேட்பாய் என்று பயந்து எழுதினேன்.

ஆனால் நீ மட்டும் யோக்கியமா ஜினா? நம் ஊர்க் கதையை உன்னிடம் சொல்கிறவன் உன் கதையை என்னிடம் சொல்ல மாட்டானா? மொரெத்தி அம்மாளிடம் இன்னும் இரண்டு வருஷம் இருப்பதாகப் பேசி முடித்துவிட்டாயாம். ஈஸ்டருக்குள் வருகிறாய் என்ற கடிதத்தை நான் தனாசேவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் காலண்டரைக் கொண்டுவரச் சொல்லி ஈஸ்டர் மேல் கரியால் வட்டம் போட்டார். அந்த வட்டத்தை நாளுக்கு மூன்று முறை பார்ப்பது நான்தான், நீ இல்லை.

அகாபியா


பாதுவா
17 டிசம்பர் 2000

அகாபியா,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

உன்னைத் திட்ட வேண்டும் என்று நாலு நாளாக வார்த்தை சேர்த்தேன். பாத்திரம் கழுவும்போது திட்டினேன், கிழவிக்குக் கால் பிடித்துவிடும்போது திட்டினேன். இப்போது ஒன்றும் மிஞ்சவில்லை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்பார்கள், அது எவ்வளவு சின்ன வார்த்தை!

உன் பிள்ளைக்காக உன் கையெழுத்தைப் போட்டாய். போடு. நான் தாயாகவில்லை, ஆனால் அது எனக்குப் புரியும். "ஜினா, என்னால் முடியவில்லை, நான் போட்டுவிட்டேன், நீ உன் ஏற்பாட்டைப் பார்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அழுதிருப்பேன், வெறுத்திருக்க மாட்டேன். என் பெயரை ஏன் போட்டாய்? என் புருஷனுடைய சூட்டை நானே அறுத்ததாக நகரசபையில் ஒரு தாள் இருக்கிறது. வெல்டர் வேலையில் இருந்தபோது அந்தக் குழாய்களையெல்லாம் ஒட்டவைத்தவர் அவர். ஒவ்வொரு மாடியிலும் ஒட்டுப் போட்ட இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். என் பெயரில் அதை அறுத்தாய். அப்புறம் "ரேடியேட்டரில் தோல் உரிகிறது" என்று எழுதினாய். கழுத்தை அறுத்துவிட்டு மாலை போட்டாய்.

ஆமாம், இரண்டு வருஷம் என்று மொரெத்தி அம்மாளிடம் சொன்னேன். அவருடைய மருந்துக்குத்தான். எனக்கு இங்கே தங்கப் பேப்பர் இல்லை, ஒரு முறை எல்லை தாண்டினால் திரும்ப வர முடியாது. ஈஸ்டர் என்று பொய் சொன்னேன். அந்த வட்டத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்து என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. போதுமா? ஆனால் என் பொய் அவரைக் குளிரில் போடவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன், கவனமாகப் படி. குழாயை எந்த இடத்தில் அறுத்தார்கள்? உன் வீட்டிலா? அப்படியென்றால் அவர் மேலே தட்டினால் உனக்கு எப்படிக் கேட்கும்? "தட்டுகிறார், தட்டுகிறார்" என்று எழுதினாயே, யார் காதால் கேட்டு எழுதினாய்?

அவரை உன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போ. இன்றே. உன் பாய்லர் பக்கத்தில் ஒரு மெத்தை போடு. என் கையெழுத்தில் வந்த பாய்லர் அது. அவருக்கு அங்கே இடம் உண்டு.

ஜினாய்தா


மாவட்ட ஆஸ்பத்திரி
21 ஜனவரி 2001

ஜினா,

முதலில் இது: தனாசே உயிரோடு இருக்கிறார். நிமோனியா. நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஊசி போடுகிறார்கள். டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

உன் கடிதம் டிசம்பர் கடைசியிலேயே வந்துவிட்டது. வரவில்லை என்று எழுதலாமா என்று நினைத்தேன். வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் போகட்டும் என்றேன். பிறகு ஞானஸ்நானம் முடியட்டும், மித்ரியாவின் அம்மா வருகிறாள், இருப்பதே இரண்டு அறை, எல்லோரும் போனதும் தூக்கி வருவோம் என்றேன். குழாய் என் வீட்டில்தான் அறுந்திருக்கிறது. அவர் தட்டினால் எனக்குக் கேட்காது என்பது நீ எழுதித்தான் என் புத்தியில் ஏறியது. அதற்கு முன்னால், எட்டு மணிக்குத் தட்டு கேட்காததை, அவர் சீக்கிரம் தூங்கிவிட்டார் என்று வைத்துக்கொண்டேன். வசதியாக இருந்தது, வைத்துக்கொண்டேன்.

ஜனவரி பன்னிரண்டு, காலை. பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. அப்படியே அள்ளிக்கொண்டு ஓடினேன். கதவைப் பூட்டும் முன்னால் பாய்லரை அணைத்தேன். வெளியே போனால் அணைக்க வேண்டும், கேஸ் வீணாகக் கூடாது என்று பழகின கை. உன் வீட்டுத் தரையையும் சேர்த்து அணைக்கிறேன் என்று தோன்றவில்லை ஜினா. சத்தியமாகத் தோன்றவில்லை. என் சத்தியத்துக்கு இனி என்ன மதிப்பு.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் குழாய் மாட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் எனக்கு உலகம் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு பாட்டில் தேடிப் பையைக் கவிழ்த்தேன். உன் வீட்டுச் சாவி விழுந்தது.

அவர் தரையில்தான் கிடந்தார். உன் போர்வை இரண்டும் மேலே இருந்தது. அடுப்புக் கதவு திறந்திருந்தது, ஒரு விறகு பாதி உள்ளே, பாதி வெளியே. ரேடியேட்டரில் ஓர் இடத்தில் பெயிண்டெல்லாம் உதிர்ந்து இரும்பு தெரிந்தது. கரண்டி வளைந்திருந்தது.

பவ்லினா மேலேயிருந்து இறங்கி வந்தாள். நீ இதைக் கேட்டே ஆக வேண்டும், நான் மட்டும் சுமக்க முடியாது. உன் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் குழாய் முழுசாக இருக்கிறது அல்லவா? அவளுக்குக் கேட்டிருக்கிறது. "ரெண்டு நாளா தட்டினாரு அகாபியா. நகரசபைக்காரனைத் திட்டுறார்னு நெனச்சேன். சூடு இல்லேன்னா நாம எல்லாம் குழாயைத் தட்டித்தான திட்டுவோம்? 'தட்டு தனாசே, நல்லா தட்டு'ன்னு நானும் கரண்டி எடுத்துப் பதிலுக்குத் தட்டினேன். அவர் மூணு தட்ட, நான் மூணு தட்ட... நல்லா இருந்துச்சுடி, ரெண்டு பேருமா சேந்து அவனுங்களை வைஞ்ச மாதிரி" என்று சொல்லிவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவருக்குப் பதில் கேட்டிருக்கிறது ஜினா. நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அதனால்தான் விடாமல் தட்டியிருக்கிறார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வா. என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

அகாபியா


மூன்றாம் மாடி
26 பிப்ரவரி 2001

ஜினா,

நீ ஊர் வந்து நாலு வாரமாகிறது, இதை உன் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

நேற்று மன்னிப்பு ஞாயிறு. தேர்தலும் அன்றைக்கே. ஓட்டுப் போடக் கூப்பிட வந்தவனுக்குக்கூடக் கதவைத் திறந்தாய், உன் குரல் கேட்டது. நான் ரொட்டியோடு அரை மணி நேரம் நின்றேன். உள்ளே நீ நடப்பது கேட்டது. வருஷத்தில் இந்த ஒரு நாள் யார் வந்து கேட்டாலும் "கடவுள் மன்னிப்பார்" என்று சொல்லி அனுப்புவது வழக்கம். நீ அதையாவது சொல்லியிருக்கலாம்.

ரொட்டியை வாசற்படியில் வைத்திருக்கிறேன்.

அகாபியா


நான்காம் மாடி
8 ஏப்ரல் 2001, குருத்தோலை ஞாயிறு

அகாபியா,

ரொட்டியைப் பவ்லினாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் வந்து பத்து வாரமாகிறது. உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு கையளவு கான்கிரீட்தான். இதற்கு நான் கடிதம் எழுதுகிறேன். உன் முகத்தைப் பார்த்தால் பேச வராது, பேசினால் நிறுத்த வராது.

மொரெத்தி அம்மாள் வீட்டுக்கு வேறு பெண் போய்விட்டாள். மார்ச்சில் கேஸ் அழுத்தம் குறைந்து உன் பாய்லரும் பத்து நாள் ஓடவில்லை என்று பவ்லினா சொன்னாள். நன்றாக வேண்டும் என்று சந்தோஷப்படப் பார்த்தேன். ராத்திரி தரை வழியாக உன் பிள்ளை இருமுவது கேட்டது. சந்தோஷப்பட முடியவில்லை. அந்தப் பத்து நாளும் என் அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக விறகு போட்டேன். சூடு கீழே இறங்காது என்று தெரியும். ஏன் போட்டேன் என்று என்னைக் கேட்காதே, உனக்காக இல்லை.

தனாசேவை முந்தாநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தேன். மூன்று மாதத்தில் பாதி ஆளாகிவிட்டார். வந்ததும் காலண்டரைக் காட்டச் சொன்னார். கரி வட்டத்தைத் தொட்டார், என்னைத் தொட்டார். "ஈஸ்டருக்குள் வந்துவிட்டாய்" என்கிறார். நான் சொன்ன பொய் உன்னால் உண்மையாகிவிட்டது, பார்த்தாயா?

அன்று ராத்திரி எட்டு மணிக்கு இடது கையால் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரண்டியை எடுத்தார். மூன்றோ என்று எண்ணினேன். இரண்டு தட்டினார். உனக்கு. காதைக் குழாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். குழாய் அறுந்திருப்பதை நான் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. யார் பெயரில் அறுந்தது என்று சொல்ல எனக்கு வாய் வருமா? தூங்க மாட்டேன் என்று ஒன்பதரை வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நேற்று நான் அவருக்கு வலப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்கு வராது. திரைக்குப் பின்னால், குழாய் தரைக்குள் போகிற இடத்தில், ஒரு தேக்கரண்டியால் இரண்டு தட்டினேன். கீழேயிருந்து நீ தட்டினால் எப்படிக் கேட்குமோ அப்படி, மெதுவாக. அவர் சிரித்தார். உடனே தூங்கிவிட்டார்.

அவர் ஒட்டவைத்த குழாய். அறுந்த குழாயின் சத்தம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் சிரித்தார்.

ஆக, நீ இன்னும் அவருக்கு நல்லவள். கூப்பிட்டால் பதில் சொல்கிறவள். தினமும் எட்டு மணிக்கு உன் பெயரில் நான் பொய் தட்டப்போகிறேன். என் பெயரில் நீ போட்டதற்கு என் பதில் இதுதான் என்று வைத்துக்கொள்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. கடவுள் மன்னித்தால் அது அவர் பாடு. பவர் பத்திரத்தையும் சாவியையும் கதவுக்கு அடியில் தள்ளிவிடு. வெயில் வந்ததும் அவரை நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவோம், பவ்லினா ஒரு கை கொடுப்பாள். உன்னைப் பார்த்தால் அவர் சிரிப்பார். நீயும் சிரித்துவிட வேண்டும். "ராத்திரி கேட்டுச்சு" என்று ஒரு வார்த்தை சொல். என்னோடு பேசாதே.

மணி எட்டாகிறது. கரண்டியை எடுத்துவிட்டார். நான் போய்த் தரையில் உட்கார வேண்டும்.

ஜினாய்தா